முப்பத்தோராவது விளக்கு

சாயங்காலம் ஆறரை மணி. கடலுக்குள் முக்கால் மைல் நீண்டு கிடக்கிற கல் பாதை. இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு மரம் கிடையாது, ஒதுங்க ஒரு சுவர் கிடையாது. அதில் ஒரே ஒரு ஆள் நடந்து போகிறார்... கையில் தகரக் குழாய், தோளில் இரண்டு லாந்தர், இடுப்பில் ஒரு கூழாங்கல் பை. நடக்க நடக்கப் பை சளக் சளக் என்கிறது. அதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

கிட்ட வந்து உட்காருங்கள். இது என் கூட்டாளி ஒருத்தனின் கொள்ளுத்தாத்தாவுக்கு நடந்தது. கூட்டாளி நன்றாகப் புளுகுவான், அது எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் ஒரு வார்த்தை மாறாது. புளுகுகிறவனுக்கு அது வராது.

பிளேக் காலம் அது. வெளியிலிருந்து எந்தக் கப்பல் வந்தாலும் துறைக்குள் விட மாட்டார்கள். மஞ்சள் கொடி ஏற்றிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். இருபத்தோரு நாள். சரக்கு இறங்காது. துணி மூட்டையை எரித்தாலும் எரிப்பார்கள், கேட்க முடியாது. கடிதம் வந்தால் கோணூசியால் குத்தி ஓட்டை போட்டு, கந்தகப் புகை காட்டி, இடுக்கியால் எடுத்து நீட்டுவார்கள். காசை வினிகரில் போட்டு எடுப்பார்கள். எலி இறங்கி வந்துவிடக் கூடாது என்று கப்பல் கயிறுகளில் தகரத் தட்டு மாட்டியிருக்கும். சரக்குக்குச் சொந்தக்காரர்கள் துறைமுக கேட்டுக்கு வெளியே நின்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பார்கள். எலிக்குத் தட்டு இருந்தது, வாய்க்குத் தட்டு இல்லை.

அந்த இருபத்தோரு நாளும் கப்பலில் ஒரு சாவு விழக் கூடாது. விழுந்தால் போச்சு. திரும்பவும் முதல் நாள். இருபதாம் நாள் விழுந்தாலும் முதல் நாள்தான்.

சாவு விழுந்ததா இல்லையா என்று யார் போய்ப் பார்ப்பது? கப்பலில் ஏறுகிறவன் அங்கேயே கிடக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஆள். தலை எண்ணுகிற வேலை. துறையில் அவருக்குப் பெயர் கறார். வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கூப்பிட்டதில்லை.

எண்ணுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கல் பாதையின் முனையில் ஒரு சின்ன அறை. எதிரே கூப்பிடு தூரத்தில் கப்பல். கப்பலின் விளிம்புப் பலகையில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வாசல் அகலத்துக்குப் பலகையை எடுத்துவிட்டிருப்பார்கள். பொழுது அடைந்ததும் கறார் தகரக் குழாயை வாயில் வைத்து, "வரலாம்!" என்று கத்துவார். கப்பலில் உள்ள ஒவ்வொருவரும் கையில் ஒரு விளக்கோடு அந்த வாசலைக் கடக்க வேண்டும். கடந்ததும் விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். முகம் தெரியாது. விளக்கு தெரியும், அந்த வெளிச்சத்தில் கால் தெரியும். பையில் கப்பலில் எத்தனை தலையோ அத்தனை கல். ஒரு விளக்குக்கு ஒரு கல், பையிலிருந்து தகர டப்பாவுக்கு. டங்... டங்... கடைசியில் பை காலியானால் பச்சை லாந்தரை ஏற்றுவார். ஒரு கல் மிஞ்சினால்... சிவப்பு.

யாரும் யாரையும் தாங்கிப் பிடித்து வரக் கூடாது. தனியாக, தன் காலில் வர வேண்டும். அந்த விதியைப் போட வைத்தவரே கறார்தான். முன்பு ஒரு கப்பலில் செத்துப்போனவனுக்குத் தொப்பி மாட்டி, இரண்டு பேர் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து, நடத்திக்கொண்டு போனார்கள். கறார் கல்லைப் போட்டுவிட்டார். மூன்று நாள் கழித்து நாற்றம் காற்றில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. துறைமுக டாக்டர் எல்லார் முன்னாலும், "அது கண்ணா, புண்ணா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கறார் மனுஷனை நம்புவதில்லை. காலை மட்டும் நம்புவார்.

அந்த வருஷம் முப்பத்தொரு பேரோடு ஒரு சரக்குக் கப்பல் வந்து நின்றது. அதில் அவருடைய மகள் இருந்தாள்.

ஒரே மகள். தாய் இல்லாமல் வளர்ந்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனாள். கறாருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆளைப் பாத்தாலே தெரியல?" என்பார். அவ்வளவுதான் காரணம். கிளம்பின அன்று அப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. போன இடத்தில் பிளேக் வந்தது. தச்சன் போய்விட்டான்.

கப்பல் வந்த மறுநாள் அவளுடைய கடிதம் கேட்டுக்கு வந்தது. கறாருக்கு எழுத்து வாசிக்க வராது. கேட்டுக்காரன்தான் படித்தான். வாயாடி, ஆனால் கெட்டவன் இல்லை.

"அண்ணே, பொண்ணு எழுதியிருக்கு. 'அப்பா, அவர் போயிட்டார். அங்க எனக்கு யாரும் இல்ல. கோவம் இருந்தா இருக்கட்டும், நான் வரேன். இந்தக் கப்பல்லதான்...' அதுக்கப்புறம் ஓட்டை விழுந்திருக்கு, எழுத்தைக் காணோம்."

"படிச்சது போதும், குடு."

"அழறீங்களா என்ன?"

"கந்தகம்டா. கண்ணுல பட்டா எரியாதா?"

"எனக்கு எரியலையே!"

"உன் கண்ணு தோல்லடா செஞ்சது."

முதல் நாள் முப்பத்தொரு விளக்கு கடந்தது. எது அவளுடையது என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒரு விளக்கு வாசலில் நின்றது. மேலும் கீழும் ஆடியது. "அப்பா! நான்தாம்ப்பா!" என்று குரல் வந்தது. ஆறு வருஷமாகக் கேட்காத குரல். மஞ்சள் கொடிக் கப்பலோடு எண்ணுகிறவன் சொந்தப் பேச்சுப் பேசக் கூடாது, அது இன்னொரு விதி. கறார் பேசவில்லை. கல்லைப் போட்டார். கை கொஞ்சம் பலமாகப் போட்டுவிட்டது.

மூன்றாம் நாளும் அந்த விளக்கு நின்றது. "அப்பா, உடம்பு நல்லாருக்காப்பா? இன்னும் கோவமா?"

டங். அவ்வளவுதான் பதில்.

அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து, "நல்லாருக்கேம்மா" என்றார். சுவருக்கு என்ன, கேட்டுக்கொண்டது.

நாலாம் நாள்.

முப்பது விளக்கு கடந்தது. முப்பதும் அணைந்தது. கையில் ஒரு கல். தளம் இருட்டு. மகள் குரல் வரவில்லை. கறார் காத்திருந்தார். உள்ளங்கையில் கல் வியர்த்தது...

சத்தம்தான் முதலில் வந்தது. டொக். அப்புறம் நீளமாக... சர்ர்ர்ர். திரும்பவும் டொக்... சர்ர்ர்ர். காற்று விழுந்து கடல் தட்டாகக் கிடந்தது. பக்கத்து அறையில் யாரோ பெட்டியை இழுப்பது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அப்புறம் விளக்கு வந்தது. இடுப்பு உயரத்தில் இல்லை. தரையிலிருந்து ஒரு சாண். தளத்தை ஒட்டி, நகர்ந்து நகர்ந்து, ஒரு வாசல் அகலத்தைக் கடக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் அணைந்தது... ஊதின மாதிரி இல்லை. தண்ணீரில் முக்கின மாதிரி, சுஸ் என்று.

கரைக்காற்று மெல்லக் கிளம்பிக் கப்பலைப் பார்த்து அடித்தது. ஆனாலும் எதிர்க்காற்றில் ஒரு வாடை வந்தது. வினிகரில் ஊறி ஊறி நாள்பட்டுப்போன துணி வாடை.

கறார் கையில் கல்லை வைத்துக்கொண்டு நின்றார். தன் காலில் நடந்தால்தான் கல். இது நடக்கவில்லை. அவருடைய விதிப்படி இது சிவப்பு. சிவப்பு ஏற்றினால் திரும்ப முதல் நாள்.

கல்லைப் போட்டார். பச்சை லாந்தரை ஏற்றினார்.

கப்பலில் பல பேர் சேர்ந்து அழும் சத்தம் கேட்டது. ஏன் அழுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. அந்தச் சத்தத்தை அவர் முன்பே ஒரு தடவை கேட்டிருந்தார்.

போன வருஷம். இருபத்தாறு பேர் இருந்த கப்பல். பதினேழாம் நாள் இருபத்தைந்து விளக்குதான் கடந்தது. வாசலுக்கு இந்தப் பக்கம், தளத்தில் படுத்தபடி ஒருத்தன் தன் விளக்கை ஆட்டினான். பாய்மரத்திலிருந்து விழுந்தவன். முட்டிக்குக் கீழே எலும்பு போயிருந்தது. பீப்பாய்ப் பலகையை உடைத்து, இரண்டு பக்கமும் வைத்து, வினிகர்த் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இளவட்டம்தான், குரலிலேயே தெரிந்தது.

"அண்ணே! நான் சாகலைண்ணே! காலுதான் உடைஞ்சிருக்கு! என்னையும் சேத்துக்கங்கண்ணே!"

கறாருக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் செத்தவன் விளக்கை வேறொருத்தன் ஆட்டலாம். செத்தவனுக்காக வேறொருத்தன் கத்தலாம். குழாயை எடுத்துச் சொன்னார்: "எழுந்து நட."

எழுந்தான். விழுந்தான். யாரோ தூக்கப் போனார்கள். "தொடக் கூடாது!" என்றார் கறார். அப்புறம் அவன் தவழ்ந்தான். டொக்... சர்ர்ர்ர். பாதி தூரம் வந்திருப்பான். அதற்குள் இவர் சிவப்பை ஏற்றிவிட்டார்.

அந்தக் கப்பலில் பிளேக் இல்லை. கடைசி வரைக்கும் இல்லை. ஆனால் கப்பல் பீப்பாய் கரைக்கு வரக் கூடாது, அதனால் கழுவ முடியாது. புழு நெளிகிற பீப்பாயிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தார்கள். வயிற்றால் போய்ப் பதினொரு பேர் செத்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் திரும்ப முதல் நாள். காலுடைந்தவன் அதில் எத்தனையாவது ஆள் என்று கறாருக்கு நினைவில்லை. நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவராக முடிவு செய்துகொண்டார். அதெல்லாம் அவ்வளவு சுலபமா?

இப்போது மகள். அவளுக்கும் கால் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். கப்பல் படி வழுக்கும், விழுந்திருப்பாள். அப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். நடக்காவிட்டால் அப்பன் சிவப்பு ஏற்றிவிடுவான், முப்பது பேர் திரும்பவும் கிடந்து சாவார்கள் என்று பயந்து, உடைந்த காலை இழுத்துக்கொண்டு தினமும் வருகிறாள்... பெற்ற அப்பனுக்குப் பயந்து.

ஐந்தாம் நாளும் அப்படித்தான். ஆறும், ஏழும் அப்படித்தான். முப்பது விளக்கு இடுப்பு உயரத்தில். கடைசி விளக்கு ஒரு சாண் உயரத்தில். அந்த வாடை.

எட்டாம் நாள் கறாரால் முடியவில்லை. கடைசி விளக்கு வாசலுக்கு வந்ததும் குழாயை எடுத்தார். வேலையில் சேர்ந்து பத்தொன்பது வருஷம், அதில் முதல் தடவையாகச் சொந்தப் பேச்சுப் பேசினார்.

"பாப்பா... உடம்புக்கு என்னம்மா?"

விளக்கு நின்றது.

கப்பலில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. விளக்கு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. விளக்குக்கு ஏது கண், ஆனால் அவருக்கு அப்படித்தான் இருந்தது. நெடுநேரம். அப்புறம் டொக்... சர்ர்ர்ர்... சுஸ்.

பதிமூன்றாம் நாள் மத்தியானம் கேட்டுக்காரன் அவரைத் தனியாகக் கூப்பிட்டான். வழக்கமான பல்லிளிப்பு இல்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்காத மாதிரி சொல்லு."

"சாப்பாட்டுப் படகுக்காரன் சொல்றான். தினமும் முப்பத்தொரு பங்கு ரொட்டி ஏத்துறான். அதுல ஒரு பங்கு கப்பல் பக்கத்துல கடல்ல மிதக்குதாம். தினமும்."

"மீனுக்குப் போட்டிருப்பாங்க."

"அவங்களுக்கே பத்தல, மீனுக்கு எங்க போடுறது? பத்து நாளா ஒரே பங்குண்ணே... ஒரு ஆள் சாப்பிடலைன்னு அர்த்தம். நான் இன்னும் டாக்டர்கிட்ட சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல."

கறார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நாள் என்றால் நாலாம் நாளிலிருந்து. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், இரண்டு தடவை. எண்ணுவதுதானே அவர் பிழைப்பு.

பத்து நாள் ரொட்டி தின்னாத ஒருத்தி எப்படி நகர்ந்து வருவாள்?

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது.  குரல் வரவில்லை... முகம் தெரியவில்லை... கூப்பிட்டால் நிற்கிறாள், பேசுவதில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். மூக்கில் வினிகர்த் துணி கட்டியிருந்தார்.

"என்னப்பா, உன் கப்பல் எப்படி இருக்கு?"

"முப்பத்தொண்ணுங்க."

"எல்லாரும் நடந்துதானே?"

கேட்டுக்காரன் தரையைப் பார்த்தான். 

"நடந்துதாங்க."

டாக்டர் போய்விட்டார். கறார் பேச்சு என்றால் அவருக்கு எழுதி வைத்த மாதிரி. மறு கேள்வி கேட்க மாட்டார். பத்தொன்பது வருஷத்தில் கறார் சொன்ன முதல் பொய் அதுதான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவர் சீக்கிரமாகவே கிளம்பினார். ஆறரைக்குப் போகிறவர் ஐந்தரைக்குப் போனார். மகள் செத்துவிட்டாள் என்று மனசுக்குள் ஒத்துக்கொண்டுவிட்டார். கப்பல்காரர்கள் ராத்திரியில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கியிருப்பார்கள், வெளியே சொன்னால் திரும்ப முதல் நாள் என்று மறைக்கிறார்கள், அதுவும் தெரிந்ததுதான். வருகிறது அவள் இல்லை, அவளுடைய எதுவோ. ஆனாலும் வருகிறதே! பேசாமல் அனுப்பின அப்பனைப் பார்க்க ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு தினமும் வருகிறதே!

பயம் இல்லையா என்று கேட்பீர்கள். பெற்ற பிள்ளை செத்தும் வந்தால் அதற்கு யாராவது கதவைச் சாத்துவார்களா?

முப்பது கல்லையும் கடகடவென்று போட்டுவிடுவார். கடைசிக் கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். டொக் சத்தம் கேட்டதும் குழாய் இல்லாமலே, தணிந்த குரலில் பேச ஆரம்பிப்பார்.

"மெதுவா வாம்மா. அவசரம் இல்ல."

"உன் புருஷனைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. அவன் நல்லவனோ கெட்டவனோ, எனக்கு எப்படித் தெரியும்? நான் யாரைத்தான் நல்லவன்னு சொல்லியிருக்கேன்?"

"அன்னைக்குக் கூப்பிட்டியே, காதுல விழுந்துதும்மா. ரெண்டு நாளும் விழுந்தது."

விளக்கு வாசலைக் கடக்கும். அணையும். அதற்கப்புறம்தான் கல்லை டப்பாவில் வைப்பார். போட மாட்டார், வைப்பார். சத்தம் வராமல்.

இருபதாம் நாள் சாயங்காலம் அவர் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார். மறுநாளோடு எண்ணிக்கை முடிகிறது. அதற்கடுத்த காலையில் கேட் திறக்கும். முப்பது பேர் இறங்குவார்கள், அவள் இறங்க மாட்டாள். எல்லாம் வெளியே தெரியும். பொய் சொன்னதற்கு வேலை போகும், உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள். அது போனால் போகட்டும். விளக்கு இனிமேல் வராது. அதுதான் அவரைத் தின்றது.

இருபத்தோராம் நாள் கடைசி விளக்கு வாசலில் நின்றது. கேட்காமலே நின்றது. அவர் கைகூப்பினார்.

"போயிட்டு வாம்மா."

சுஸ்.

மறுநாள் காலை. மஞ்சள் கொடியை இறக்கிவிட்டார்கள். படகில் பத்துப் பத்துப் பேராகக் கொண்டுவந்து இறக்கினார்கள். கொட்டகையில் டாக்டர் ஒவ்வொருவரின் அக்குளையும் தொடை இடுக்கையும் அழுத்திப் பார்த்து அனுப்பினார். கேட் வாசலில் கறார் பையோடு நின்றார். அங்கேயும் எண்ண வேண்டும், கடைசி எண்ணிக்கை.

வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். ஒவ்வொருத்தரும் கடக்கும்போது கறாரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் நின்று கும்பிட்டார். கறாருக்கு எரிச்சலாக இருந்தது. டங்... டங்... முப்பது.

கையில் ஒரு கல். வாசலில் யாரும் இல்லை.

டாக்டர் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார்.  கறார் தலையைக் குனிந்துகொண்டார்.

"வழி விடுங்க! வழி!" என்று குரல் கேட்டது. கடைசிப் படகிலிருந்து துறை ஆட்கள் இரண்டு பேர் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் மேல் ஒரு போர்வை. போர்வைக்கு வெளியே ஒரு கை. கை அசைந்தது.

"அப்பா..."

உயிரோடு. முகம் சுருங்கி, கண் குழிவிழுந்து, உதடு வெடித்து... ஆனால் உயிரோடு. கறார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்தார். கட்டி இல்லை, வீக்கம் இல்லை. வெறும் காய்ச்சல், அதுவும் இறங்கி மூன்று நாள் ஆகிறது, தேற வேண்டும் அவ்வளவுதான் என்றார்.

கேட்டுக்காரனுக்கு உயிர் திரும்பியது. "என்னண்ணே, பொண்ணு படுத்துக்கிட்டுல்ல வருது? நிக்கலையே! எப்படிக் கல்லு போடுவீங்க?"

"போடா!" என்று கல்லை அவன் காலடியில் விட்டெறிந்தார் கறார். "எண்ணிக்கோடா!"

அழுதார். அன்றைக்குக் கந்தகம் இல்லை.

கொஞ்சம் பொறுத்து கேப்டன் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். பெரிய மீசைக்காரர். கறாருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்களைக் கல்லு மனசுக்காரர்னு சொன்னாங்க. சொன்னவன் வாயில மண்ணு. பொண்ணு நாலாம் நாளே படுத்துடுச்சு. தலை தூக்கல, ரொட்டி இறங்கல. தண்ணியைத் துணியில நனைச்சு வாயில பிழிஞ்சோம். அவ பங்கைத் தொட எங்க ஆளுங்களுக்குப் பயம், கடல்ல போட்டோம். அன்னைக்கு ராத்திரி நாங்க முப்பது பேர்தான் நடந்தோம். சிவப்பு ஏறப்போகுதுன்னு எல்லாரும் கண்ணை மூடிட்டு நின்னோம். பச்சை ஏறுச்சு!"

கறார் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"பெத்த மனசு, கண்ணை மூடிக்கிட்டீங்கன்னு புரிஞ்சுக்கிட்டோம். அன்னைக்கு அழாதவன் கிடையாது. அப்புறம் ஒரு நாள் 'உடம்புக்கு என்னம்மா'ன்னு கத்தினீங்க பாருங்க, எங்களுக்கு உயிரே போச்சு. அவ கீழ கிடக்கா, நாங்க என்னத்தைச் சொல்றது? வாயைப் பொத்திட்டு உக்காந்திருந்தோம். பதினெட்டு நாளும் முப்பது விளக்குக்கு முப்பத்தொரு கல்லு போட்டீங்களே ஐயா... உங்க குலம் நல்லாருக்கணும்."

"முப்பதா..." என்றார் கறார்.

"முப்பதேதான். பொண்ணோட விளக்கு அது தலைமாட்டுக் கொக்கியில தொங்கிக்கிட்டே இருந்தது, யாரும் தொடல. ஒண்ணுதான் புரியல. தொடாத விளக்குல தினமும் எண்ணெய் குறைஞ்சுது. எலி குடிக்குதுன்னு நினைச்சோம். வெளிய சொல்லிடாதீங்க, எலின்னு சொன்னா திரும்பப் பிடிச்சுப் போட்டுருவாங்க." கேப்டன் அழுதுகொண்டே சிரித்தார்.

கறார் தலையை ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டவர் என்று முப்பது பேர் கும்பிட்டுப் போனார்கள். அவர் ஒரு நாள்கூட மூடவில்லை. முப்பத்தொன்று கடந்தது. அவர் பார்த்தார்.

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார். வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பாலைக் காய்ச்சி, ஆற்றி, கரண்டியால் ஊட்டினார். ஆறு வருஷப் பேச்சு மிச்சம் இருந்தது. போர்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்த அண்ணன் இறங்கிட்டாரா?"

"எந்த அண்ணன்?"

"காலுல அடிபட்ட அண்ணன். அவர் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ. தினமும் பொழுது சாஞ்சதும் கீழ வருவாரு. நடக்க முடியாது பாவம், படியில உக்காந்து உக்காந்துதான் இறங்குவாரு. காலுக்கு ரெண்டு பக்கமும் பீப்பாய்ப் பலகை கட்டியிருக்கும். ஒரே வினிகர் வாடை. என் விளக்கைக் கொக்கியிலேருந்து எடுத்துட்டு மேல போவாரு. கேப்டனைக் கேட்டா, அப்படி ஒரு ஆளே கப்பல்ல இல்ல, காய்ச்சல்ல ஏதோ கண்டிருக்கன்னு சொல்றாரு."

கறார் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டார். டங் என்றது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"உன்கிட்ட ஏதாவது பேசினானா?"

"ஒரே ஒரு நாள். 'ஏண்ணே, உங்களுக்கே இப்படி இருக்கு, எனக்காக ஏன் போறீங்க, நானே தவழ்ந்தாவது போறேன்'னு எழுந்திருக்கப் பார்த்தேன். வேண்டாம்னுட்டாரு."

"என்ன சொன்னான்?"

 அவள் அந்த ஆளின் குரலிலேயே சொன்னாள், அமைதியாக, கோபமே இல்லாத குரலில்.

"'நீ படும்மா. என்னை அவர் எண்ண மாட்டாரு. ஆனா இப்ப நான் தவழ்ந்து போனாலும் கல்லு போடுவாரு... நீதான்னு நினைச்சுக்குவாரு'ன்னாரு."